நூலளவு வெள்ளை ஓரம்

அமெரிக்காவின் துலூத் நகரில் பனிக்காலம் நீளம். ஏரி உறைந்துவிட்டால் மீன் பிடிப்பதும், பிடித்த மீனைப் பற்றிப் புளுகுவதும்தான் வேலை. இரண்டையும் சேர்த்து டேரன் ஒரு சீட்டாட்டம் உருவாக்கினான். சீட்டைக் கவிழ்த்து வைத்து, "பன்னிரண்டு பவுண்டு மீன்" என்று கூசாமல் அளக்க வேண்டும். நம்பாதவர் திருப்பிப் பார்க்கலாம். படங்கள் அவன் அக்கா மார்லிஸ் வரைந்தவை. சீட்டின் முதுகு முழுக்கக் கருநீலம், சுற்றிலும் நூலளவு வெள்ளை ஓரம். அந்த ஓரத்தின் மேல் அவளுக்கு உயிர்.

வசந்தகாலக் கண்காட்சியில் விற்க வேண்டும்; அதற்குள் நல்ல அச்சகமாகப் பார்க்க வேண்டும். சனி அங்கேதான் பிடித்தது.

முதல் அச்சகத்தின் மாதிரிக் கட்டு பளபளத்தது. ஆனால் கலைக்க முடியவில்லை. சீட்டுகள் ஈர ரொட்டிபோல ஒட்டிக்கொண்டன. இரண்டாவதில் பச்சை மீன்கள் கத்தரிப்பூ நிறத்தில் வந்தன. டேரன் போன் செய்த போதெல்லாம், "உங்க ஃபைல்லதான் சார் கோளாறு, மறுபடி அனுப்புங்க" என்றார்கள்.

மூன்றாவது கட்டு கைக்கு அருமையாக இருந்தது. சனிக்கிழமை வீட்டிலேயே ஆடிப் பார்த்தார்கள். டேரனின் மனைவியின் பெயர் ஜோடி. அவளுக்குப் பொய் சொல்லவே வராது. ஆனாலும் எல்லா ஆட்டத்தையும் ஜெயித்தாள்.

"ஏய், உண்மையச் சொல்லு. ஜன்னல் கண்ணாடியில பாத்துதானே ஆடுற?" என்றாள் மார்லிஸ்.

"கண்ணாடி எதுக்கு அண்ணி? பெரிய மீனுக்கு இடது ஓரம் தடிமனா இருக்கு, சின்னதுக்கு வலது ஓரம். நீங்க வேணும்னேதான் அப்படி வரைஞ்சீங்கன்னு நெனச்சேன்."

டேரன் கட்டைத் தூக்கி மேசையில் அடித்தான். "அக்கா, அந்த ஓரத்த எடுத்துத் தொலையேன்!"

"வெட்டத் தெரியாதவனுக்காக நான் ஏண்டா எடுக்கணும்? வேற ஆளப் பாரு."

பார்த்தான். "துல்லியமா வரும் சார்" என்று சத்தியம் செய்த இன்னும் இரண்டு அச்சகங்களின் கட்டுகளும் கோணலாகவே வந்தன. கடைசியில் பாலத்துக்கு அந்தப் பக்கம், சுப்பீரியர் ஊரில் ஒரு சின்ன அச்சகத்துக்குப் போன் போட்டான். கானி என்ற பெண் எடுத்தாள்.

"நூலளவு ஓரமா? வெட்டுறப்ப விலகும் சார்."

மார்லிஸ் போனைப் பிடுங்கினாள். "மத்தவங்கல்லாம் வரும்னாங்களே!"

"வந்துச்சா?"

மார்லிஸ் மேசையில் கிடந்த கோணல் கட்டுகளை ஓரமாகத் தள்ளினாள்.

"எங்க மெஷின்லயும் விலகும்மா. ஒண்ணு, ஓரத்த நல்லா அகலமாப் போடுங்க. இல்ல, விளிம்பு வரைக்கும் படத்த ஓட்டிடுங்க. சம்மதம்னா அச்சடிச்சுத் தர்றேன்."

போனை வைத்துவிட்டு மார்லிஸ் பழைய படத்தை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். டேரன் காபி கொண்டுபோய் வைத்தான், அது ஆறிப்போனது. மறுநாள் விரிசல் விட்ட ஏரிப் பனியைக் கருநீலத்தில், சீட்டு முதுகின் நான்கு விளிம்புகளையும் தாண்டி வரைந்து, படத்தை அவளே கானிக்கு அனுப்பினாள்.

ஏரி உருகத் தொடங்கியபோது, கண்காட்சிக்கான கட்டுகள் ஒரு பெட்டியில் வந்தன. பிரித்த கட்டு வழுக்கிக்கொண்டு கலைந்தது. ஜோடி ஒவ்வொரு சீட்டின் முதுகையும் உற்று உற்றுப் பார்த்தாள், ஒன்றும் பிடிபடவில்லை. வரிசையாகத் தோற்றாள். தானே அச்சடித்ததுபோல டேரன் கைதட்டினான்.

மார்லிஸ் மட்டும் ஒரு சீட்டை விளக்கருகே பிடித்து, கண்ணைச் சுருக்கினாள்.

"டேய், நீலம் கொஞ்சம் வெளுப்பா இல்ல?"

டேரன் அவள் கையிலிருந்த சீட்டைப் பிடுங்கிப் பெட்டியில் போட்டான். பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய்க் காரில் வைத்துப் பூட்டினான்.