சம்மாட்டியார் கேட்ட கறிமீன்

நீக்கிலாப்பிள்ளைச் சம்மாட்டியாருக்குப் பாட்டாளிகள் மேல் பெரிய இரக்கம். மேடையில்தான். கரையில் இரண்டு வலையும் ஒரு லொறியும் வைத்திருந்த மீன்பிடி முதலாளியான அவர், 'பாட்டாளி நாடக மன்றம்' என்று ஒன்றைத் தொடங்கி, தானே தலைவரானார். முதல் நாடகத்தில் தொழிலாளர் தலைவன் வேடத்தையும் தானே எடுத்துக்கொண்டார். கைதட்டல் விழுகிற வேடத்தை வேறொருவனுக்குக் கொடுக்க அவர் என்ன மடையரா? புதுப் பனியன் வாங்கி, மனைவியைக் கொண்டு கத்தரிக்கோலால் கிழிப்பித்து, கன்னத்தில் கரி பூசிக்கொண்டார். தொந்தியை மட்டும் ஒன்றும் செய்ய முடியவில்லை.

கொடிய சம்மாட்டி வேடம் சந்தியோகுவின் தலையில் விழுந்தது. அவன் அவருடைய கரைவலையில் கயிறு இழுக்கிறவன், விலா எலும்பை எண்ணலாம். வயிற்றில் தலையணை கட்டி நிறுத்தினார்கள்.

சந்தியோகுவுக்கு நாடகத்தில் ஆசை இல்லை. அவனுக்கு வேண்டியது கறிமீன். வலை இழுத்தவர்களுக்குப் பங்கு ஒருபுறம் இருக்க, வீட்டுக் கறிக்கென்று ஆளுக்குக் கொஞ்சம் மீன் அள்ளிக் கொடுப்பது அந்தக் கரையின் வழக்கம். பாஸ்குப் பெருநாள் கழிந்த கையோடு சம்மாட்டியார் அதை நிறுத்திவிட்டார். மீன்காரன் வீட்டுப் பிள்ளைகள் மீன் கேட்டு அழுதன. போய்க் கேட்டால், "இப்ப கலைக்கான நேரமடா. நாடகம் முடியட்டும், பாப்பம்" என்றார்.

நாடகம் எழுதிய சிமியோன் மாஸ்ரர், தொழிலாளி என்ன கேட்டுப் போராடலாம் என்று விசாரித்தபோது சந்தியோகு கறிமீனைத்தான் சொன்னான். சம்மாட்டியாருக்கு அது மிகவும் பிடித்துக்கொண்டது.

"நல்ல கட்டம் மாஸ்ரர். அந்த இடத்திலை சனம் அழும்" என்றார். அது தன் கதை என்று அவருக்கு உறைக்கவே இல்லை.

யாழ்ப்பாணத்து நாடகப் போட்டிக்குக் கரைச் சனம் முழுவதும் லொறியில் போய் இறங்கியது. கடைசிக் காட்சி. தொழிலாளர் தலைவன் நெஞ்சை நிமிர்த்தி, "எங்கள் கறிமீன் எங்கே?" என்று முழங்கினார். கொடியவன் சிரித்து, "தர முடியாது" என்று சொல்ல வேண்டும். அதன் பிறகுதான் தலைவரின் நீண்ட வீரவசனம். அதை அவர் மாதக் கணக்கில் பாடமாக்கி வைத்திருந்தார்.

சந்தியோகு சபையைப் பார்த்தான். முன்வரிசையில் அவன் பெண்சாதி யோசப்பின், மடியில் கடைக்குட்டி. சம்மாட்டி வேடத்தில் இத்தனை பேர் முன்னால் சொன்ன சொல்லைச் சம்மாட்டியாராலும் விழுங்க முடியாது என்று அந்தக் கணத்தில் அவனுக்குப் பட்டது.

"சரி, தாறன்" என்றான்.

தலைவர் திகைத்தார். "டேய்!" என்று பல்லைக் கடித்தார்.

"நாளைக்கு விடியத் தொடக்கம் எல்லாருக்கும் கறிமீன். முந்தின மாதிரி."

பின்னால் நின்ற தொழிலாளர் கூட்டம், அதுவும் அவருடைய வலைக்காரர்தான், நடிப்பை மறந்து ஆரவாரித்தது. வீரவசனம் தலைவரின் தொண்டையில் சிக்கிக்கொண்டது.

"தரேலாது எண்டு சொல்லடா!" என்று கத்தினார்.

"ஏன் சம்மாட்டியார், நீங்கள்தானே கேட்டியள்?"

மண்டபம் சிரிப்பில் அதிர்ந்தது. சம்மாட்டியாருக்குக் கண்மண் தெரியவில்லை. "ஒருத்தனுக்கும் ஒரு மீனும் கிடையாது! நான் சொல்லுறன், தரேலாது!" என்று கிழிந்த பனியனோடு குதித்தார். யாரோ புண்ணியவான் திரையை இழுத்துவிட்டான்.

மேடைக்குப் பின்னால் சந்தியோகுவை அறைய அவர் கை ஓங்கிக்கொண்டு நிற்கையில், தாடியும் தோள்பையுமாக நடுவர் ஓடி வந்தார். முதலாளித்துவம் தொழிலாளியின் வாயாலேயே பேசுவதை இவ்வளவு நுட்பமாக எவரும் காட்டியதில்லையாம். சம்மாட்டியார் ஓங்கிய கையைக் கும்பிடாக மாற்றினார்.

"அது நான் கனநாள் யோசிச்சு வைச்சது" என்றார். முதற்பரிசும் வாங்கினார்.

மறுநாள் வலை கரையேறியதும் சந்தியோகு பனையோலைப் பையோடு போய் நின்றான். மற்றவர்களும் அவன் பின்னால் நின்றார்கள்.

சம்மாட்டியார் பையைப் பார்த்தார், அவனைப் பார்த்தார், பிறகு தோளில் தட்டினார். "விசரா, அது நாடகமடா. ஆனா நல்லா நடிச்சாய். அடுத்த ஆட்டம் சாவகச்சேரியிலை, அங்கையும் உப்பிடியே செய்."

சாவகச்சேரியிலும் அப்படியே செய்தான். கறிமீன் தருவதாகச் சொன்னதும் சனம் எழும்பி நின்று கைதட்டியது. அவனுக்குப் பொன்னாடை ஒன்றும் போர்த்தினார்கள். அதோடு வீட்டுக்கு வந்து சாப்பிடக் குந்தினான். யோசப்பின் வெறும் சொதியைச் சோற்றில் ஊற்றினாள்.

"ஊருக்கெல்லாம் மீன் குடுத்திட்டு வாறியள். இந்தச் சட்டிக்குள்ளை என்ன கிடக்குதெண்டு ஒருக்காப் பாருங்கோ" என்றாள்.

அவனுக்கு அழுகை முட்டியது. மீன் இல்லாததற்காக மட்டுமல்ல. அந்தக் கைதட்டல் தனக்குப் பிடித்துப்போய்விட்டது என்பதை எந்த முகத்தோடு அவளிடம் சொல்வது? ஞாயிற்றுக்கிழமை அடுத்த ஆட்டத்துக்கு உடுப்பிட்டிக்குப் போக லொறி வந்து வாசலில் நின்று கோர்ன் அடித்தது. அவன் பொன்னாடையை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு போய் ஏறினான்.