தண்ணீர் இறங்கும் பக்கம்

ஏலத் தோட்டத்துப் பிள்ளைகளுக்கு எழுத்துக்கு முன்னால் சொல்லிக்கொடுக்கிற பாடம் ஒன்று உண்டு. மலையில் மேகம் இறங்கிவிட்டால் பத்தடி தள்ளி நிற்கிற ஆள் தெரியாது. ஏலச்செடி ஆள் உயரத்துக்கு மேல் நிற்கும். குரல் கொடுத்தால் அது எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று பிடிபடாது. அந்த நேரத்தில் மேலே ஏறக்கூடாது, நின்ற இடத்தில் நின்று அழவும் கூடாது. தண்ணீர்ச் சத்தம் கேட்கிற பக்கமாக இறங்க வேண்டும். ஓடை எப்படியும் காய் உலர்த்தும் ஸ்டோருக்குப் பக்கத்தில் கொண்டுபோய் விட்டுவிடும்.

வீரணனும் மகள் சுப்புத்தாய்க்கு அப்படித்தான் சொல்லிவைத்திருந்தான். "வழி தப்பிருச்சுன்னா தண்ணியப் பாத்து எறங்கு ஆத்தா. அங்கன நான் நிப்பேன்."

அவள் இரண்டு தடவை வழி தப்பியிருக்கிறாள். இரண்டு தடவையும் ஓடைக்கரைப் பாறையில் காலைத் தொங்கப்போட்டு உட்கார்ந்திருந்தாள். இரண்டாவது தடவை, மூச்சிரைக்க வந்து நின்ற அப்பனைப் பார்த்து, "எம்புட்டு நேரம்ப்பா வர்றதுக்கு?" என்று அதட்டவும் செய்தாள். அப்போது அவளுக்கு ஏழு வயது. அந்த அதட்டலை வீரணன் ஸ்டோரில் எல்லாரிடமும் சொல்லிச் சொல்லிச் சிரித்தான்.

எழுபத்தொன்பதாம் வருடம், காய் எடுப்பு முடிந்து மலையில் சோலி குறைந்திருந்த மாசி மாதம், மெட்ராசில் ஒரு கட்சி மாநாடு நடந்தது. போடியிலிருந்து லாரியில் ஆள் ஏற்றிக்கொண்டு போனார்கள். வீரணன் எந்தக் கட்சியும் இல்லை. போக்குவரத்தும் சோறும் சும்மா என்றார்கள், ஏறிவிட்டான். பெண்டாட்டி மொக்கம்மாளும் ஒன்பது வயது சுப்புத்தாயும் கூட ஏறினார்கள். மூன்று பேருமே மதுரைக்கு அப்பால் போனதில்லை.

மாநாடு ஒரு நாளில் முடிந்தது. மறுநாள் இருட்டியதும் லாரி கிளம்பும், அதுவரை ஊரைச் சுற்றிப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று டிரைவர் கன்னையன் சொல்லிவிட்டான். வழி காட்ட முன்னால் நடந்தவன் ராக்கையா. ஜீப் ஓட்டுகிறவன், மெட்ராசுக்கு ஒரு தடவை வந்து போனவன். டிக்கெட்டு கேட்கிற இடத்துக்குள் கால் வைப்பதில்லை என்று புறப்படும்போதே பேசிக்கொண்டார்கள். உயிருள்ள மிருகங்களை வைத்திருக்கும் உயிர் காலேஜுக்குக் காசு கேட்டான். செத்த காலேஜுக்குக் கேட்கவில்லை. ஆகவே மியூசியத்துக்குப் போனார்கள்.

அங்கே உத்தரம் உத்தரமாக ஒரு திமிங்கலத்தின் எலும்பு இருந்தது. சுப்புத்தாய் அதன் அடியில் போய் நின்றுகொண்டு, இது எந்த ஓடையில் கிடந்தது என்று கேட்டாள். ஓடையில் இல்லை, கடலில் என்றான் வீரணன். எல்லா ஓடையும் ஆறாகி அங்கேதான் போய்ச் சேரும் என்றும் சொன்னான்.

"அப்ப கடலு எங்கப்பா எறங்கிப் போகுது?"

"சாயங்காலம் காட்டுறேன். நீயே பாத்துக்க" என்றான்.

மத்தியானம் மவுண்ட் ரோட்டில் பதினாலு மாடிக் கட்டடத்தைத் தலையை அண்ணாந்து பார்த்தார்கள். மொக்கம்மாள் மாடிகளை எண்ணினாள், ஒவ்வொரு தடவையும் ஒன்று குறைந்தது. ராக்கையா வீரணன் தோளில் தட்டி, "மாப்ளே, இதத் தூக்கிப் போடிமெட்டுல வச்சம்னா மேகம் முட்டி அங்கிட்டே நின்னுக்கிரும். நம்ம தோட்டத்துக்கு மழையே வராது" என்றான். போகிற வருகிறவர்கள் திரும்பிப் பார்க்கும்படி எல்லாரும் சிரித்தார்கள். சுப்புத்தாய் சிரித்ததை வீரணன் கடைசியாகப் பார்த்தது அப்போதுதான்.

கடற்கரைக்கு வந்தபோது நாலு மணி இருக்கும். தண்ணீருக்கு இன்னும் வெகுதூரம் மணல் கிடந்தது. பாதி மணலைக் கடக்கவில்லை, யாரோ சினிமாப் படம் எடுக்கிறார்கள் என்று ஒரு கூச்சல். அதற்கும் காசில்லை. நாலு பக்கமிருந்தும் கூட்டம் ஓடிவந்து மொய்த்தது. வீரணன் மகளின் கையைப் பிடித்தபடி நுனிக்காலில் நின்று எட்டிப் பார்த்தான். ஒரு பெரிய குடையும், நாற்காலியில் ஒருவன் முதுகும் தெரிந்தன. பின்னாலிருந்து தள்ளினார்கள். விழாமலிருக்க முன்னால் நின்றவன் தோளைப் பிடித்தான். இரண்டு கையாலும் பிடித்துவிட்டான். குனிந்து பார்த்தபோது பக்கத்தில் வேறு யாருடைய பிள்ளையோ நின்றது.

மொக்கம்மாள் தோட்டத்தில் கூப்பிடுவதுபோல் வாயில் கையைக் குவித்து நீளக் கூவினாள். பக்கத்தில் நின்றவர்கள் வேடிக்கை என்று நினைத்துச் சிரித்தார்கள். வீரணன் ரோட்டுக்கு ஓடினான். பட்டணத்தில் பிள்ளை காணாமல் போனால் ரோட்டோரம்தானே நிற்கும் என்று நினைத்தான். சிலைகளுக்குக் கீழே பார்த்தான், பஸ் நிற்கிற இடமெல்லாம் பார்த்தான், லாரி நின்ற இடத்துக்கும் போய்த் திரும்பினான். ராக்கையா வேறு பக்கம் தேடினான். கடைசியில் ஒரு போலீஸ்காரரைப் பிடித்தார்கள். அவர் நல்ல மனுசன்தான். உயரம், பாவாடை நிறம், பேர் எல்லாம் பொறுமையாகக் கேட்டார். பிறகு, "காணாப் போனா எங்க நிக்கணும்னு கொயந்தைக்குச் சொல்லிக் குடுத்துக்கீறியா?" என்றார்.

வீரணன் பதில் சொல்ல வாயைத் திறந்தான். திரும்பிக் கடலைப் பார்த்தான். ரோட்டின் இரைச்சலுக்கு அடியில் அதன் சத்தம் அப்போதுதான் அவன் காதில் விழுந்தது.

மணலில் அவன் ஓடிய ஓட்டத்தை ராக்கையா பின்னாளில் யாரிடமும் சொன்னதில்லை. தண்ணீரோரம் சுண்டல் விற்ற ஒருவர், பச்சைப் பாவாடை கட்டிய பிள்ளையைப் பார்த்ததாகச் சொன்னார். செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு அலை விளிம்பில் நின்றதாம். யாரோடு வந்தாய் என்று கேட்டிருக்கிறார். எங்கப்பா இங்கனதான் வருவாரு என்றதாம்.

"தண்ணி எந்தப் பக்கம் போவுதுன்னு கேட்டுதுப்பா. கடலு எங்கயும் போவாது, அப்டியேதான் கெடக்கும்னேன். ரொம்ப நேரம் நின்னுகினு இருந்தது. சுண்டல் குடுத்தேன், வேணாம்னுச்சு. இங்க யாவாரம் பாத்துட்டுத் திரும்பறேன், ஆளக் காணோம்."

எவ்வளவு நேரம் நின்றாள் என்று வீரணன் கேட்டான். ஒரு மணி நேரம் இருக்கும் என்றார் அவர்.

அன்று இருட்டியதும் லாரி கிளம்பிவிட்டது. ராக்கையா மட்டும் இறங்கி அவர்களோடு தங்கினான். மூன்றாம் நாள் காலையில் வடக்கே மீன்காரர்கள் கடலிலிருந்து பிள்ளையை எடுத்துக் கொடுத்தார்கள். ஊருக்குக் கொண்டுபோகும் நிலையில் இல்லை. அங்கேயே ஒரு மணல்காட்டில் புதைத்தார்கள். மண் தள்ளும்போது மொக்கம்மாள் புருசன் பக்கம் திரும்பினாள்.

"நீ சொன்னதத்தான்யா அது கேட்டுச்சு" என்றாள். அவள் குரலில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் வீரணன் அதைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச காலம் இருந்திருப்பான்.

அதற்கப்புறம் மொக்கம்மாள் மலை ஏறவில்லை. போடியில் காய் பொறுக்கும் வேலைக்குப் போனாள், சிறியதைப் பெரியதைப் பிரித்துக் குவிப்பது. வீரணன் தோட்டத்துக்குத் திரும்பினான். அந்த ஆனியில் முதல் மேகம் இறங்கிய அன்று, மேல் வரிசையில் சின்னமுத்து தன் மகளுக்குச் சொல்லிக்கொண்டிருந்தது கேட்டது. தண்ணியப் பாத்து எறங்கு, அங்கன நான் நிப்பேன். வேண்டாம், அப்படிச் சொல்லாதே என்று வீரணனுக்கு நெஞ்சு வரை வந்தது. ஆனால் மலையில் வேறு என்ன சொல்வது? மலையில் அது சரியான பேச்சுதான்.

கூடையை இறக்கி வைத்துவிட்டு ஓடைக்கு இறங்கிப் போனான். அதிலிருந்து மேகம் இறங்கும்போதெல்லாம் போனான். மேஸ்திரி இரண்டு மாதம் ஏசிப் பார்த்து விட்டுவிட்டார். சில நாள் வழி தப்பிய பிள்ளை ஒன்று செடியை விலக்கிக்கொண்டு இறங்கி வரும். எங்கப்பா எங்க என்று கேட்கும். வருவாரு, நில்லு என்பான். அப்பன் வருவார், இரண்டு அதட்டு அதட்டிக் கூட்டிக்கொண்டு போவார்.

அவர்கள் போன பிறகும் வீரணன் பாறை ஓரத்தில் நிற்பான். தண்ணீர் அவன் காலைச் சுற்றிக்கொண்டு இறங்கிப் போகும். அது எங்கே போய்ச் சேரும் என்று அவனுக்குத் தெரியும்.