பின்னால் வந்த அம்பு

மவுஸிலிருந்து கையை எடுத்த பிறகும் அம்பு நிற்கவில்லை.

ஜோதிமணி இரண்டு கைகளையும் மடியில் போட்டுக்கொண்டு பார்த்தாள். திரையின் நடுவிலிருந்த அம்புக்குறி மெதுவாக, ரொம்ப மெதுவாக, இடப்பக்கக் கீழ்மூலைக்கு இறங்கிக்கொண்டிருந்தது. வேலை முடிந்து யாரோ படியிறங்கிப் போகிற மாதிரி.

“பாத்தியா? நான் சொன்னேன்ல,” என்றார் அவளுக்குப் பின்னால் நின்ற மேனேஜர் அசோக்குமார். “பட்டப்பகல். ஏசி ஓடுது. எனக்கு வேர்க்குது பாரு.”

“மவுஸு கெட்டிருக்கும்ங்க சார்.”

“மாத்தி மாத்தி வச்சுப் பாத்தாச்சும்மா. எல்லா மவுஸுமா அந்த மூலைக்கே போகும்? எலுமிச்சம்பழம் வாங்கியாரச் சொல்லியிருக்கேன்.”

“எங்க புழிவீங்க சார், மானிட்டர் மேலயா?”

அசோக்குமார் நெற்றித் திருநீற்றைத் தொட்டுக்கொண்டார்.

திண்டுக்கல் பேகம்பூரில் பிரியாணிக் கடைக்கு மேல் மாடியில் இருந்தது அந்த ஆபீஸ். பயிர் இன்சூரன்ஸ் படங்களைப் பார்ப்பதுதான் தொழில். மழையில் அழுகின வயல், காய்ந்துபோன வயல் என்று படம் படமாக வரும். பயிர் போயிருந்தால் ‘அப்ரூவ்’, போகவில்லை என்றால் அதற்கு நேர் கீழே இருக்கும் ‘ரிஜெக்ட்’. ஆபீஸில் இருந்தது வெறும் திரையும் கீபோர்டும் மவுஸும்தான். உண்மையான கணினி எங்கேயோ ஒரு கட்டடத்தில், ஒரு பெரிய மெஷினுக்குள் பல துண்டாகப் பிரித்த மெஷினாக ஓடிக்கொண்டிருக்கும். ரிமோட் டெஸ்க்டாப் வழியாக உள்ளே நுழைந்து வேலை பார்க்க வேண்டும். ஆளுக்கொரு துண்டு. இந்தத் துண்டு பாத்திமாவுடையது.

பாத்திமா செத்துப்போய் மூன்று மாதமாகிறது. அதற்குப் பிறகு இந்த மேசையில் யாரும் நிலைக்கவில்லை. வந்தவர்களும் அம்பு தானாக இறங்குவதைப் பார்த்துவிட்டு நாற்காலியை மாற்றிக்கொண்டார்கள். சாயங்காலம் சென்னையிலிருந்து பரணி என்கிற டெக்னீஷியன் இந்த மெஷினையே அழித்துவிடப் போகிறார். “அதுக்குள்ள உன்னால முடிஞ்சா சரி பண்ணு. இல்லாட்டி போய்த் தொலையட்டும்,” என்று சொல்லியிருந்தார் அசோக்குமார்.

ஜோதிமணி பி.எஸ்ஸி. கம்ப்யூட்டர் சயின்ஸ். தொப்பம்பட்டிப் பக்கம் அவள் வீட்டில் காலேஜ் வாசலை மிதித்த முதல் ஆள். அந்த டிகிரிக்கு இந்த ஆபீஸ் தந்த மரியாதை, வயர் கழன்றால் மேசைக்கு அடியில் குனிகிற வேலை. அது அவளுக்கு எரிச்சல். அதைவிடப் பெரிய எரிச்சல் இந்த மேசை.

ஆயுத பூஜை முடிந்த வாரத்தில், தொப்பம்பட்டி ஒன்றியத்து மக்காச்சோளப் படங்கள் மொத்தமும் பாத்திமாவின் மெஷினுக்குத்தான் வந்தன. மழையில் நின்று முளைவிட்ட கதிர்கள். குழந்தைக்குக்கூடத் தெரியும் பயிர் போச்சு என்று. அத்தனையும் ரிஜெக்ட் ஆகியிருந்தன. சனம் கலெக்டர் ஆபீஸ் வாசலில் போய் உட்கார்ந்தது. கேள்வி இங்கே வந்ததும் அசோக்குமார் பாத்திமாவை நடு ஹாலில் நிறுத்தினார்.

“கண்ணு தெரியலையா, இல்ல மனசே கெடையாதா ஒனக்கு?”

“நான் அப்ரூவ்தான் சார் அமுக்குனேன். இந்த அம்பு நான் வைக்கிற எடத்துல நிக்க மாட்டேங்குது.”

ஹாலே சிரித்தது. ஜோதிமணி சிரிக்கவில்லை. பேசவும் இல்லை. அவள் அப்பா மலைச்சாமியின் வயலும் அந்தப் படங்களில் ஒன்று. முந்தின ஞாயிற்றுக்கிழமைதான் அவர் அழுகின கதிரைக் கையில் வைத்துக்கொண்டு, “எவ அமுக்குனாளோ, அவ கை வெளங்காமப் போவோணும்,” என்று சொல்லியிருந்தார். பாத்திமா பையை எடுத்துக்கொண்டு படியிறங்கினாள். கார்த்திகை மழையில் காய்ச்சல் வந்தது. பெரியாஸ்பத்திரியில் நாலு நாள். முடிந்தது. அப்பாவிடம் ஜோதிமணி அவள் பேரைக் கடைசிவரை சொல்லவில்லை.

இப்போது அந்த நாற்காலியில் அவள்.

தெரிந்ததை எல்லாம் செய்தாள். மவுஸின் வேகத்தைக் குறைத்தாள். ‘துல்லியம் கூட்டு’ என்றிருந்த டிக்கை எடுத்தாள். திரையின் அளவை உள்ளேயும் வெளியேயும் ஒன்றாக்கினாள். இணைப்பைத் துண்டித்து மறுபடியும் நுழைந்தாள். அம்பு நல்லபிள்ளையாகக் கொஞ்ச நேரம் நிற்கும். பிறகு, யாரும் பார்க்கவில்லை என்று நினைத்துக்கொண்ட மாதிரி, இறங்க ஆரம்பிக்கும்.

கடைசியாக ஒன்று பாக்கி. அம்பு நகர்ந்தால் அதன் பின்னால் வால் மாதிரி தடம் விழும்படி வைக்கலாம். அம்பு கண்ணுக்குத் தெரியாத மெஷின்களில் அதைக் கண்டுபிடிக்கச் செய்கிற வைத்தியம் அது. உள்ளே போய் அதற்கு டிக் போட்டாள். மவுஸை நகர்த்தினாள்.

நாற்காலியோடு பின்னுக்கு நகர்ந்தாள்.

தடம் அவளுடைய அம்பின் பின்னால் விழவில்லை. கட்டைவிரல் அகலம் தள்ளி, இடப்பக்கம் கீழே, இன்னோர் அம்பு வந்தது. அவள் நகர்ந்தால் அதுவும் நகர்ந்தது. அவள் நின்றால், செத்த நேரம் கழித்து அதுவும் நின்றது. சந்தில் பின்னாலேயே நடந்து வருகிற ஆள், நாம் நின்றதும் தானும் நிற்பதைப் போல.

“சார்,” என்றாள். குரல் அவளுக்கே கேட்கவில்லை.

பயம் ஒரு நிமிஷம்தான் இருந்தது. அப்புறம் அவளுக்குக் கோபம் வந்தது. கோபம் வந்தால்தான் அவளுக்கு மூளை ஓடும். அம்பு இரண்டு. கண்ணுக்குத் தெரிவது இந்த மேசையில் இருப்பது. உள்ளே, அந்த மெஷினுக்குள், அழுத்துகிற அம்பு வேறே. அப்படியானால் பாத்திமா ‘அப்ரூவ்’ மேல் வைத்து அழுத்தினால், கட்டைவிரல் அகலம் கீழே விழுந்தது எது?

ரிஜெக்ட்.

ஆனால் அப்படியே விட்டுவிடுகிற ஆள் இல்லையே பாத்திமா. ஜோதிமணி திரையில் முகத்தை ஒட்டிவைத்துப் பார்த்தாள். ‘அப்ரூவ்’ பொத்தானுக்கு மேலே, வலப்பக்கம், கண்ணாடியில் வட்டமாக ஒரு கோந்துத் தடம். அதில் தூசி ஒட்டிக் கறுத்திருந்தது. அதற்கு ஒரு விரற்கடை கீழே காய்ந்துபோன செவப்புக் கறை.

கோந்து வட்டத்தைப் பார்த்ததும் எல்லாம் வந்துவிட்டது. ஆவணி மாதம். டிபன் பாக்ஸைத் திறந்து வைத்துக்கொண்டு பாத்திமா கேட்டாள்: “ஏ புள்ள ஜோதி, ஒரு ஸ்டிக்கர் பொட்டு குடேன்.”

“நீ எதுக்குடி பொட்டு வைக்கிற? உங்கம்மா தோலை உரிச்சிரும்.”

“எனக்கில்ல, இந்தக் கிறுக்குப் பயலுக்கு.” மானிட்டரைத் தட்டினாள். “நான் ஒரு எடத்துல வச்சா இவன் ஒரு எடத்துல கடிக்கிறான். எங்க வச்சா சரியாக் கடிக்கிறான்னு கண்டுபிடிச்சுட்டேன். அங்க ஒரு அடையாளம் வேணும்.”

ஜோதிமணி பச்சைப் பொட்டு அட்டை ஒன்றை முழுசாகவே கொடுத்தாள். உதிர்ந்தால் இன்னொன்று ஒட்டிக்கொள்ளட்டும் என்று. பாத்திமா அதைப் பையில் போட்டுக்கொண்டாள். அன்றிலிருந்து பச்சைப் பொட்டின் மேல் அம்பை வைத்துத்தான் அழுத்துவாள். பூஜை வரைக்கும் ஒரு படம்கூடத் தப்பாகப் போகவில்லை.

அப்படியென்றால் இந்தச் செவப்பு?

“சார், இங்க வாங்க. ஆயுத பூஜையன்னிக்கு இந்த மானிட்டரைத் தொடச்சது யாருங்க?”

“எல்லாத்தையும் நான்தாம்மா தொடச்சேன். அன்னைக்கு அந்தப் புள்ள லீவு, வத்தலக்குண்டுல ஏதோ நிக்காஹ்னுச்சு. ஏன்?”

“இதுல ஒரு பச்சைப் பொட்டு இருந்துச்சா?”

அசோக்குமாருக்குச் சிரிப்பு வந்தது. “ஆமா. பூஜையும் அதுவுமா ஸ்டிக்கர் எதுக்குன்னு பிச்சுட்டு, அதே எடத்துல அசல் குங்குமமே வச்சு...”

அவர் முடிக்கும் முன் ஜோதிமணி அம்பைக் கோந்து வட்டத்தின் மேல் கொண்டுபோய் வைத்தாள். பின்னால் வந்த அம்பு ‘அப்ரூவ்’ மேல் போய் உட்கார்ந்தது. அம்பைக் குங்குமக் கறைக்கு இறக்கினாள். பின்னால் வந்த அம்பும் இறங்கியது. ‘ரிஜெக்ட்’.

“அதே எடம் இல்லீங்க சார். ஒரு விரக்கடை கீழ.”

அவர் குனிந்து அந்தக் கறையைப் பார்த்தார்.

“அவ வந்து பாத்திருக்கா. பச்சை இருந்த எடத்துல செவப்பு. உதிர்ந்துபோச்சு, நான்தான் வேற ஒட்டிவச்சிருக்கேன்னு நெனச்சிருப்பா. அதுலயே வச்சு அமுக்கியிருக்கா. அமுக்குனதும் அடுத்த படம் வந்துரும், எது விழுந்துச்சுன்னு நமக்குக் காட்டாது. சொன்னாளே சார், நடு ஹால்ல நின்னு சொன்னாளே.”

“சரிம்மா. தெரியாம நடந்துபோச்சு. இப்ப இத வெளிய சொன்னா யாருக்கு என்ன? போன புள்ள திரும்பி வரப்போகுதா? ஆபீஸ் பேருதான் கெடும். சாயங்காலம் மெஷின அழிச்சிட்டா...”

“அழிச்சிட்டா அவ பேரு அப்படியேதாங்க நிக்கும்.”

அசோக்குமார் தடுப்பதற்குள் பரணிக்கு போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தாள்.

“சார், திண்டுக்கல்லுல இருந்து ஜோதிமணி. அந்த மெஷின அழிக்கறதுக்கு முன்னாடி உள்ள வந்து பாருங்க. நான் பாக்கறதையே நீங்களும் பாக்கற மாதிரி வாங்க.”

“அதுக்கெல்லாம் நேரம் இல்லம்மா.”

“ரெண்டு நிமிஷம்ங்க. அப்புறம் என்னையும் சேத்து அழிச்சிருங்க.”

அந்தப் பக்கம் ஒரு பெருமூச்சு. கீபோர்டு சத்தம். “சரி, வந்துட்டேன். சொல்லு.”

“இப்ப நான் அம்பை எது மேல வச்சிருக்கேன்?”

“ரிஜெக்ட்.”

“என் திரையில அது அப்ரூவ் மேல இருக்குங்க.”

“நகத்து,” என்றார் பரணி. நகர்த்தினாள். “மறுபடியும் வை.” வைத்தாள். “இப்ப எங்க?” “அப்ரூவ்.” “எனக்கு ரிஜெக்ட்ல நிக்குது.” மறுபடியும் கீபோர்டு சத்தம். பிறகு பரணி வேறு குரலில் சொன்னார்: “இந்த மெஷின உண்டாக்கும்போது மவுஸு இருக்கிற இடத்த நேரா எடுத்துக்கிற செட்டிங்க விட்டுட்டாங்க. நகர்ந்த தூரத்தை மட்டும் கூட்டிக் கழிச்சுக்கிட்டு இருந்திருக்கு. வெலகியேதான் நிக்கும், தானா ஓடவும் செய்யும். தப்பு எங்க பக்கம். யாரு இதுல வேலை பாத்தது?”

“பாத்திமா.”

“அவங்கள லைனுக்குக் கூப்பிடு.”

ஹாலில் கீபோர்டுகள் நின்றுபோயிருந்தன. அசோக்குமார் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

“அவ இல்லீங்க,” என்றாள் ஜோதிமணி. “நீங்க பாத்தத எழுத்துல அனுப்புங்க. அவ தப்புப் பண்ணலைன்னு அவ பேரைப் போட்டு அனுப்புங்க.”

பரணி அனுப்பினார். பூஜைக்குப் பிறகு அந்த மெஷினில் ரிஜெக்ட் ஆன படங்கள் எல்லாவற்றையும் மறுபடி பார்க்கவேண்டும் என்றும் அதில் எழுதியிருந்தார். பிறகு அந்த ஒரு டிக்கைப் போட்டு மெஷினை அணைத்து எழுப்பினார். பின்னால் வந்துகொண்டிருந்த அம்பைக் காணோம். ஒரே அம்பு, கை வைத்த இடத்தில், அசையாமல்.

எல்லோரும் அவரவர் மேசைக்குப் போனார்கள். ஜோதிமணி மவுஸைத் தள்ளி வைத்துவிட்டுக் கைகளை மடியில் போட்டுக்கொண்டாள். அம்பு நின்றது. இனி நிற்கத்தானே வேண்டும். அவள் எழப்போனபோது அது ஒரு தரம் நகர்ந்தது. கீழே இல்லை. மேலே, வலப்பக்கம், போய்க் கோந்து வட்டத்துக்குள் நின்றது. அதற்கப்புறம் அசையவில்லை.

அதை அவள் பரணியிடம் சொல்லவில்லை. அசோக்குமாரிடமும் சொல்லவில்லை.

பாத்திமாவின் வீடு ஆபீஸுக்குப் பின்சந்தில்தான். மூன்று மாதமாக அந்தச் சந்தைச் சுற்றிக்கொண்டுதான் ஜோதிமணி பஸ் ஸ்டாண்டுக்குப் போவாள். அன்று நேராக நுழைந்தாள். பாத்திமாவின் அம்மா ரம்ஜான் பீவி வாசலில் இட்லி மாவு பாக்கெட்டுகளைக் கட்டிக்கொண்டிருந்தார்.

“வா பிள்ள. என்ன இம்புட்டுத் தூரம்?”

பின்சந்துதான். அந்தக் குத்தல் விழவேண்டிய இடத்தில் விழுந்தது. ஜோதிமணி நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னாள். மெஷின், இரண்டு அம்பு, பச்சைப் பொட்டு, குங்குமம், பரணியின் கடிதம். ரம்ஜான் பீவி ரப்பர் பேண்டைப் போட்டுக்கொண்டே கேட்டார்.

“அத அவ அன்னைக்கே சொன்னாள்ல? நீயும் அங்கனதான இருந்த?”

“இருந்தேங்க.”

ரம்ஜான் பீவியின் கை சட்டென்று நின்றது.

“என்னமோ பச்சைப் பொட்டுன்னியே.”

“நான் குடுத்த அட்டைங்க. அந்த மெஷின்ல அடையாளம் வைக்கக் கேட்டா.”

ரம்ஜான் பீவி உள்ளே போனார். திரும்பி வந்தபோது கையில் ஸ்டிக்கர் பொட்டு அட்டை. வரிசையாகப் பச்சைப் பொட்டுகள். முதல் வரிசையில் ஒன்று மட்டும் இல்லை.

“காய்ச்சலுக்கு முந்தின நாளு அவ பையில கெடந்துச்சு. பொட்டு எதுக்குடி, எவன் வாங்கிக் குடுத்தான்னு கேட்டேன். மெஷினுக்கும்மான்னா. மெஷினுக்கு எவளாச்சும் பொட்டு வைப்பாளாடின்னு அறைஞ்சேன். அதுக்கப்பறம் எங்கூடப் பேசல பிள்ள. ஆஸ்பத்திரியிலயும் பேசல.”

அட்டையை விளக்கு வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“மெஷினுக்குத்தானா?”

“மெஷினுக்குத்தாங்க.”

ரம்ஜான் பீவி அட்டையைத் திருப்பித் தரவில்லை. அதை முந்தானையில் முடிந்துகொண்டு மாவு பாக்கெட்டின் பக்கம் குனிந்தார். ரப்பர் பேண்டைப் போடப் பார்த்தார். விரல் அதை வைத்த இடத்தில் அது விழவில்லை. மறுபடியும் போட்டார். விழவில்லை.

ஜோதிமணி பக்கத்தில் உட்கார்ந்து பாக்கெட்டின் வாயைப் பிடித்துக்கொண்டாள்.