நாகப்பனின் எறாவுக்கு லீவு

வயித்தெரிச்சல்னா இன்னான்னு என்னைக் கேளுங்க. தனசேகர் சாரை ரெண்டு வருசம் என் படகுல ஏத்தி, பழவேற்காடு ஏரி பூரா சுத்திக் காட்டினவன் நான். தண்ணி வேணும்னாரு, மொண்டு கொடுத்தேன். சேறு கேட்டாரு, முழுகி எடுத்தேன். மெட்ராஸ் காலேஜுல டாக்டர் பட்டத்துக்குப் படிக்கிறவரு, நம்ம எறாவைப் பத்தி எழுதப் போறாரு, அதுல ஒரு ஓரத்துல சுப்பராயலுன்னு என் பேரு வரும்னு ஆசைப்பட்டேன். தப்பா?

எழுபத்தெட்டுல அச்சாகி வந்துது. சாரே கௌஸ் மைதீன் பாயோட டீக்கடைக்குப் புஸ்தகத்தை எடுத்தாந்து, இங்கிலீஷைத் தமிழாக்கிப் படிச்சாரு. "அனுபவமிக்க மீனவர் நாகப்பன் கூறியபடி, இறால் மூன்று நாளுக்கு ஒருமுறைதான் வருகிறது."

நாகப்பன்! சாரை ஒருநாள் கூட படகுல இட்டுக்கினு போவாதவன். கரையில பீடி வலிச்சுக்கினு, "எறாவுக்கு ரெண்டு நாள் லீவு சார், மூணாம் நாள்தான் டூட்டிக்கு வரும்"னு விளையாட்டுக்குச் சொன்னான். சாரும், ஒரே ஆளோட கூடையை எடை போட்டாத்தான் கணக்கு சுத்தமா இருக்கும்னு, தெனம் அவன் கூடையையே பார்த்தாரு. ஒருநாள் நிறைய, அடுத்த ரெண்டு நாள் சைபர்.

சைபர் வராம? எங்க ஊர்ல பாடுன்னு ஒரு மொறை உண்டு. எறா கெடைக்கிற எடத்துல எல்லாரும் ஒண்ணா வலை போடக்கூடாது. மூணு கூட்டமாப் பிரிஞ்சு, சீட்டுப் போட்டு, கூட்டத்துக்கு ஒருநாள். நாகப்பன் கூட்டத்துக்குப் பாடு இல்லாத ரெண்டு நாளும் அவன் வலையைத் தொடவே மாட்டான். எறா என்னவோ தெனம் வந்துக்கினுதான் இருந்துது.

அந்தப் புஸ்தகப் பக்கத்துக்கு நாகப்பன் கண்ணாடி போட்டு டீக்கடைச் செவுத்துலயே மாட்டிட்டான். என் பொண்டாட்டி பச்சையம்மா வேற, "ரெண்டு வருசம் படகு தள்ளினியே, உன் பேரு எங்க?"ன்னா.

பொறுக்க மாட்டாம, பொன்னேரிக்கு பஸ் புடிச்சு, ரயிலேறி, மெட்ராஸ் போயி சார்கிட்ட பாடு விசயத்தைப் போட்டு உடைச்சேன். அவரு மூஞ்சி சுண்டிப் போச்சு. "ஐயோ, திருத்தம் எழுதணும் சுப்பராயலு. உன் பேரைப் போட்டே எழுதறேன்"னாரு.

அங்கதான் என் புத்தி கெட்டுது. ஊர்க்காரனை வெளியாள்கிட்ட காட்டிக் கொடுத்தேன்னு தெரிஞ்சா பஞ்சாயத்துல நிக்க வெச்சு, என் பாட்டையே நிறுத்திப்புடுவாங்க.

"பேரு மட்டும் வேணாம் சார்"னேன்.

திருத்தம் வந்துது. சாரே வந்து படிச்சாரு. தலைப்பே 'நாகப்பனின் எறாவுக்கு விடுமுறை இல்லை'. தன்னோட தப்பைத் தானே அவ்வளோ நக்கலடிச்சிருந்தாரு. உள்ள ஏழு எடத்துல நாகப்பன். வெளிநாட்டுல இருந்தெல்லாம் சிரிச்சு சிரிச்சு லெட்டர் போட்டாங்களாம். கடைசி வரியில, "இதைச் சுட்டிக்காட்டிய ஒரு மீனவருக்கு நன்றி."

நாகப்பன் அதுக்கும் கண்ணாடி போட்டுட்டான். "யாருப்பா அந்த ஒரு மீனவன்?"னு கடையில இருந்தவங்களை எல்லாம் கேட்டான். நான் தலையைக் குனிஞ்சுக்கினேன்.

"எவனா இருந்தாலும் நல்லா இருக்கணும். அவனாலதான் என் பேரு தலைப்புலயே ஏறிடுச்சு. பாய், அவனுக்காக எல்லாருக்கும் ஒரு டீ போடு!"

என் கிளாஸை நாகப்பனே கொண்டாந்து கையில கொடுத்தான். குடிச்சேன்.