ஒரு கரண்டி சூப் இறங்கிய சத்தம்

ஒரு கரண்டி சூப் ஒருத்தியின் தொண்டைக்குள் இறங்கிய சத்தத்தைக் கேட்டு ஒரு நாடே மூச்சை நிறுத்தியது என்றும், அந்தச் சத்தத்தை வீடு வீடாகக் கொண்டுபோய்ச் சேர்த்தது தன்னுடைய ஆட்காட்டி விரல்தான் என்றும் பாம்புக்காது சொல்லுவார். சொல்லும்போது வெற்றிக் கோப்பையைத் தூக்கிக் காட்டும் விளையாட்டு வீரன் மாதிரி அந்த விரலைத் தூக்கிக் காட்டுவார்.

தொலைக்காட்சி நிலையத்தில் முப்பத்திரண்டு வருஷம் ஒலிப்பதிவாளராக இருந்தவர். பக்கத்துக் கட்டடத்தில் எறும்பு தும்மினால் அவருக்குக் கேட்கும். தும்மியது ஆணா பெண்ணா என்றும் சொல்லிவிடுவார். பெயர் அப்படித்தான் வந்தது.

வியாழக்கிழமைதோறும் நிலையத்து கேண்டீனில் ஓய்வு பெற்றவர்களுக்கென்று ஒரு மூலை மேசை. அங்கே அவருக்கு எதிரே உட்காருபவர் ஒத்தைக்கண்ணர். கண் இரண்டும் பழுதில்லை. கேமராவுக்குப் பின்னால் ஒரு கண்ணை மூடி மூடியே காலம் தள்ளியதில், சிரித்தாலும் சண்டை போட்டாலும் இடது கண் தானாக மூடிக்கொள்ளும். பாம்புக்காதின் தங்கையைக் கட்டியவர்.

"புளுகு மச்சான்! காலர் மைக்ல விழுங்குற சத்தம் எப்படி வரும்? தொண்டையா அது, குழாயா?"

"அன்னைக்கு ஒண்ணாம் நம்பர் கேமராவுல நீதானே மாப்ளே நின்னே?"

"நின்னேன். எனக்கு ஒண்ணும் கேக்கல."

பதினொரு வருஷமாக இதே கேள்வி, இதே பதில். மேசையில் புதிதாக யாராவது உட்கார்ந்தால் போதும், பாம்புக்காது நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொள்வார்.

நடந்தது இதுதான்.

அந்த நிலையத்தில் ஒரு சமையல் நிகழ்ச்சி வந்துகொண்டிருந்தது. நடத்தியவளை எல்லாரும் ஆஹாக்கா என்பார்கள். அரை மணி நேரம் வதக்குவாள், கிண்டுவாள், கதை பேசுவாள். கடைசியில் ஒரு கரண்டி எடுத்து வாயில் வைத்து, கண்ணை மூடி, "ஆஹா!" என்பாள். அவ்வளவுதான், நாடு கிறங்கிப்போகும். அவள் கேரட்டுக்கு ஆஹா சொன்ன மறுநாள் சந்தையில் ஒரு கேரட் மிஞ்சாது, முயல்களெல்லாம் பட்டினி.

நிகழ்ச்சியை இயக்கியது அவளுடைய சொந்த அண்ணன். "ஆஹா" முடிந்ததும் அவர் "கட்!" என்பார். அடுத்த நொடி ஆஹாக்காவின் தலை மேசைக்கு அடியில் போகும். அங்கே ஒரு நீல வாளி. வாயில் இருந்தது அதில் போய்விடும். இது தொழிலில் சகஜம். ஒரு நாளில் எட்டு தடவை படம் பிடித்தால் எட்டு தடவையும் தின்ன முடியுமா என்ன? வாளியைப் பற்றி யாரும் இரண்டாவது தடவை யோசிக்கவில்லை.

பாம்புக்காதுக்கு மட்டும் இன்னும் கொஞ்சம் தெரியும். மதிய இடைவேளையில் மைக்கைக் கழற்ற சோம்பல்பட்டு ஆஹாக்கா அப்படியே சாப்பிட உட்காருவாள். மேலே, கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால், இவர் தலையில் ஹெட்போன். அவளுடைய கரண்டி தட்டைச் சுற்றிச் சுற்றி வரும். மேலே ஏறாது. வாரக்கணக்கில், வருஷக்கணக்கில் அந்தக் கரண்டி மேலே ஏறியதை அவர் கேட்டதில்லை. படப்பிடிப்பு நடக்கும்போது, வெங்காயம் வதங்கும் சத்தத்துக்குக் கீழே, தூரத்து இடி மாதிரி ஒரு உறுமல் கேட்கும். வெறும் வயிறு. அந்த உறுமல் ஒலிபரப்பில் வராமல் இருக்க, மேசையில் தனியாக ஒரு குமிழைத் திருகி வைத்திருந்தார். "ஆஹா"வுக்குப் பிறகு வாளிச் சத்தம் வராமல் இருக்க அவள் மைக்கின் ஃபேடரைச் சட்டென்று கீழே இழுப்பார். மேலே தள்ளினால் குரல் உயிரோடு இருக்கும், கீழே இழுத்தால் செத்துப்போகும். ஃபேடர் என்பது அவ்வளவுதான்.

சத்தத்தைச் சுத்தமாகக் கொடுக்கிறோம், அந்தப் பெண்ணின் மானத்தையும் காப்பாற்றுகிறோம் என்று அவருக்கு உள்ளூரப் பெருமை.

ஐந்நூறாவது நிகழ்ச்சியை நேரலையாகக் கொடுப்பது என்று முடிவானது. நேரலையில் "கட்" கிடையாது. அண்ணன் அதற்கும் வழி வைத்திருந்தார். "ஆஹா" சொன்னதும் படம் இரண்டாம் நம்பர் கேமராவுக்குப் போகும், பார்வையாளர்கள் கை தட்டுவார்கள், இசை வரும், அந்த இடைவெளியில் வாளி வேலை முடிந்துவிடும்.

நேரலைக்குப் பத்து நிமிஷம் முன்னால் பாம்புக்காது கீழே இறங்கிப் போய் அவள் கழுத்தருகே மைக்கைக் குத்தினார்.

"அண்ணே, நான் ஆஹா சொன்னதும் நீங்க என்ன பண்ணுவீங்க?"

"என்ன பண்ணுவேன்... உன் மைக்கைக் கீழ இழுப்பேன்."

"இன்னைக்கு இழுக்காதீங்க."

அவர் நிமிர்ந்து பார்த்தார். அவள் ஏப்ரன் பையிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்து நீட்டினாள். பள்ளிக்கூடத்துப் பெண்ணின் குண்டு குண்டு எழுத்து. 'அக்கா, இவ்வளவு சாப்பிட்டும் நீங்க மட்டும் எப்படி இப்படி இருக்கீங்க? நானும் உங்களை மாதிரி ஆகணும்னு சாப்பாட்டை நிறுத்திட்டேன். இப்பல்லாம் மயக்கமா வருது. ரகசியத்தைச் சொல்லுங்க.'

"ரகசியத்தைச் சொல்லப் போறேன்ண்ணே. மூணு மாசமா டாக்டரைப் பாத்துட்டு இருக்கேன். எங்க அண்ணனுக்குக்கூடத் தெரியாது. பாதியில என் குரல் நின்னுச்சுன்னா, மறுபடி எனக்கு இந்தத் தைரியம் வராது."

"நான் இழுக்கல தாயி."

அவள் அவர் கண்ணையே பார்த்தாள். "உங்களுக்கு எல்லாம் கேட்டிருக்கும்ல? ஒரு தடவையாவது, ஏம்மா சாப்பிடலன்னு கேட்டிருக்கலாம்ல?"

பாம்புக்காது மைக் கம்பியை இன்னொரு தடவை சரி செய்தார். படியேறினார். முப்பத்தாறு படி. அன்றைக்கு அது முந்நூறு படியாகிவிட்டது என்று சொல்லுவார். அதை மட்டும் யாரும் மறுத்ததில்லை.

நேரலை ஆரம்பமானது. பூசணிக்காய் சூப். ஆஹாக்கா வெட்டினாள், வதக்கினாள், சிரித்தாள். ஹெட்போனில் பாம்புக்காதுக்கு அவள் இதயத் துடிப்பு கேட்டது. ரயில் பாலத்தில் போகிற மாதிரி அடித்தது. பக்கத்தில் அண்ணன் பொத்தான்களின் மேல் விரலைப் பரப்பிக்கொண்டு நின்றார். "பாப்பா இன்னைக்குக் கலக்குறா, பாத்தீங்களா!"

சூப் கொதித்தது. கரண்டி உள்ளே போய் மேலே வந்தது. பாம்புக்காது தன் விரலைப் பார்த்து மனசுக்குள் மிரட்டினார்: அசைஞ்சே, வெட்டிடுவேன்.

கரண்டி வாய்க்குப் போகவில்லை. ஆஹாக்கா அதைக் கிண்ணத்திலேயே வைத்துவிட்டு, "ஆஹான்னு சொல்றதுக்கு முன்னாடி..." என்றாள்.

விரல் இழுத்துவிட்டது!

மனுஷர் இழுக்கவில்லை, விரல் இழுத்தது. "ஆஹா" என்ற சத்தம் காதில் விழுந்தால் கீழே இழு என்று வருஷக்கணக்காகப் பழகிய விரல் அது. எசமானைக் கேட்காமலே வேலையை முடித்துவிட்டது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஆஹாக்காவின் வாய் அசைந்துகொண்டிருந்தது. நாடு முழுக்க ஒரு ஊமைப்படம் ஓடியது.

பாம்புக்காது சட்டென்று ஃபேடரை மேலே தள்ளினார். குரல் திரும்பி வந்தது. இரண்டு நொடி போயிருக்கும். அந்த இரண்டு நொடியில் தனக்குப் பத்து வயது கூடிவிட்டது என்பார்.

"...இந்த வாளியை நீங்க பாத்ததே இல்ல," என்று சொல்லிக்கொண்டே, ஆஹாக்கா குனிந்து நீல வாளியை எடுத்து மேசை மேல், சூப் கிண்ணத்துக்குப் பக்கத்தில் வைத்தாள். "ஐந்நூறு ஆஹாவும் இதுக்குள்ளதான் போச்சு."

அண்ணன் வெடித்தார். "என்ன பண்றா இவ? ரெண்டாம் கேமரா! இசை போடு! ஒண்ணாம் கேமரா, அவளை விட்டுத் திரும்பு, திரும்புய்யா!"

படம் பார்வையாளர்களுக்குத் தாவியது. ஆனால் படம் போனால் என்ன, குரல் போகவில்லையே. இசை ஓடும் ஃபேடரைப் பாம்புக்காது இடது கையால் அழுத்திப் பிடித்திருந்தார், கீழே.

"மைக்கை இழுங்க!"

"மாட்டேன் சார்."

"பைத்தியமா உங்களுக்கு? அவ மானம் போகுது!"

அண்ணன் பாய்ந்து வந்து அவர் கையின் மேல் கையை வைத்து அழுத்தினார். அவரை விட வயதில் இளைய கை. பாம்புக்காதின் கை மெல்ல மெல்லக் கீழே சரிந்தது. ஆஹாக்காவின் குரல் கிணற்றுக்குள் இறங்குகிற மாதிரி சன்னமாகிக்கொண்டே போனது. இவர் தலையிலிருந்த ஹெட்போனைத் தோளால் நெட்டித் தள்ளினார். அது அண்ணன் காதருகே போய்த் தொங்கியது; ஃபேடர் இறங்கினாலும் அதில் அவள் குரல் முழுசாகக் கேட்கும்.

"...கேமரா இருக்கிறதால துப்புறேன்னுதான் எங்க அண்ணன் நினைச்சிட்டிருக்கார்," என்றது ஹெட்போன். "வீட்லயும் அப்படித்தான்ண்ணா. உன்கூட உக்காந்து சாப்பிடுறப்பவும் அப்படித்தான். பதினாறு வயசுல இருந்து. இது ஒரு நோய். எனக்கு இப்பத்தான் தெரிஞ்சுது. உன்மேல எனக்குக் கோபம் இல்ல."

மேலே அழுத்தியிருந்த கையில் பலம் போனது. பாம்புக்காது ஃபேடரைத் திரும்ப மேலே தள்ளினார். அண்ணன் பின்னால் நகர்ந்து நாற்காலியைத் தேடினார். நாற்காலி இல்லாத இடத்தில் உட்கார்ந்தார். தரையில் இருந்தபடியே, "ஒண்ணாம் கேமராவுக்குப் போங்க," என்றார். அவர் குரலா அது என்று பாம்புக்காதுக்கே சந்தேகம்.

பொத்தானை அழுத்தினார்கள். ஆஹாக்காவின் முகம் திரும்ப வந்தது. ஒத்தைக்கண்ணரின் கேமரா இம்மி நகரவில்லை. திரும்பச் சொல்லி அத்தனை கத்து கத்தியும் அது அவள் முகத்திலேயேதான் இருந்தது.

ஆஹாக்கா காகிதத்தைத் தூக்கிக் காட்டினாள். "இதை எழுதின கண்ணு, ரகசியம் எதுவும் இல்லம்மா. நீ ஆசைப்பட்டது என் நோய்க்குத்தான். நாளைக்கே யார்கிட்டயாவது சொல்லு. அம்மா, டீச்சர், டாக்டர், யார்கிட்டயாவது. நான் சொல்ல இருபது வருஷம் ஆச்சு. நீ அவ்வளவு நாள் எடுத்துக்காத."

பிறகு கரண்டியை எடுத்தாள். "இப்ப ஒரு வாய் சாப்பிடப் போறேன். வேடிக்கை காட்டுறதுக்கு இல்ல. தனியா சாப்பிட இன்னும் பயமா இருக்கு. கொஞ்ச நேரம் கூட இருங்க."

கரண்டி மேலே ஏறியது. வாயில் வைத்தாள். ஐந்நூறு தடவை இந்த இடத்தில்தான் தலை மேசைக்கு அடியில் போயிருக்கிறது. அவள் கண் வாளியின் பக்கம் போனது. திரும்பி வந்தது. மறுபடி போனது.

பாம்புக்காது ஃபேடரை எந்த நாளும் தள்ளாத இடத்துக்கு, சிவப்பு விளக்கு எரியும் இடத்துக்குத் தள்ளினார். வயிற்று உறுமலை வெட்டுகிற குமிழைத் திருகித் திறந்துவிட்டார்.

ஐந்து நொடி. எட்டு. பதினொன்று. சாலையில் பேருந்துகள் நின்றன, பறவைகள் இறக்கை மடித்துக் கேட்டன என்பது அவர் கணக்கு.

களுக்.

அவ்வளவுதான் சத்தம். பின்னாலேயே மெதுவாக வயிறு உறுமியது. முதல் தடவையாக அது ஒலிபரப்பானது.

ஆஹாக்கா கண்ணைத் துடைத்தாள். "உப்பு கம்மி," என்றாள்.

அந்த ஒரு வாயோடு அவள் குணமாகிவிடவில்லை. பாம்புக்காது எதில் அளந்தாலும் இதில் அளக்க மாட்டார். இரண்டு வருஷம் நிகழ்ச்சி இல்லை. மருத்துவமனை, வீடு, மறுபடி மருத்துவமனை. திரும்பி வந்தபோது வாளியும் இல்லை, ஆஹாவும் இல்லை. பிடிக்காததைப் பிடிக்கவில்லை என்றே சொன்னாள். அண்ணன் எதிரே உட்கார்ந்து அவளோடு சாப்பிட்டார்.

கதையை முடித்துவிட்டுப் பாம்புக்காது விரலைத் தூக்கிக் காட்டினார். அடுத்து என்ன வரும் என்று மேசைக்கே தெரியும். எல்லாரும் ஒத்தைக்கண்ணரைப் பார்த்தார்கள்.

அவர் தேநீர்க் கோப்பையைத் திருப்பிக்கொண்டிருந்தார். "மச்சான், ஞாயித்துக்கிழமை எங்க பொண்ணு உங்க வீட்ல சாப்பிட வருவாளே, சின்னப் புள்ளையா இருக்கறப்போ. ஞாபகம் இருக்கா?"

"ஏன் இல்லாம? மாமா மாமான்னு என் பக்கத்துலதான் உக்காருவா."

"அவ கரண்டி சத்தம் ஞாபகம் இருக்கா?"

பாம்புக்காது சிரிக்க வாயைத் திறந்தார். கரண்டி. தட்டைச் சுற்றிச் சுற்றி வந்த கரண்டி. ஞாயிறு தவறாமல், அவருடைய வலது காதுக்கு ஒரு முழ தூரத்தில். தூக்கிய விரல் மெதுவாக மேசைக்கு இறங்கியது.

"நீங்க மட்டும் இல்ல, நானும்தான் கவனிக்கல," என்றார் ஒத்தைக்கண்ணர். "அன்னைக்கு கேமராவுக்குள்ள ஆஹாக்கா முகத்தைப் பாத்தேன். வாளியை மேசையில வெச்சதும் அதைப் பாத்தா, கரண்டியைப் பாத்தா, மறுபடி வாளியை. அந்தப் பார்வையை எங்க வீட்டுச் சாப்பாட்டு மேசையில தினம் பாத்திருக்கேன் மச்சான். திரும்பு திரும்புன்னு காதுல கத்தினாங்க. ஹெட்போனைக் கழட்டிக் கழுத்துல போட்டுட்டேன். சாயங்காலம் வீட்டுக்குப் போனா, டிவி முன்னாடி உக்காந்திருந்தவ எழுந்து வந்து, அப்பா எனக்கும் இதுதான்னு சொன்னா. யார்கிட்டயும் சொல்லாதீங்கன்னா. அதான் இவ்வளவு வருஷம் ஒண்ணும் கேக்கலன்னு சொல்லிட்டிருந்தேன். கேட்டுச்சுன்னு சொன்னா, அப்புறம் என்ன ஆச்சுன்னு கேப்பீங்க."

"இப்ப எப்படி இருக்கா?" பாம்புக்காதின் குரல் அவருக்கே கேட்கவில்லை.

"நல்லா இருக்கா. நேத்து அவ வேலை பாக்குற இடத்துல எல்லார் முன்னாடியும் எழுந்து நின்னு இதைப் பேசியிருக்கா. வந்து சொல்றா, மாமாகிட்டயும் சொல்லிடுப்பா, பாவம், எவ்வளவு நாளைக்குத்தான் புளுகன் பட்டத்தைச் சுமப்பாருன்னு."

இடது கண் மூடிக்கொண்டது. சிரிப்பா, வேறேதாவதா, தெரியவில்லை.

"கேட்டுச்சு மச்சான். ஸ்டூடியோ ஸ்பீக்கர்ல, களுக்குன்னு. நான் நின்ன இடத்துல கேட்டுச்சு, என் வீட்லயும் கேட்டுச்சு. நீங்க சொல்றது அத்தனையும் நடந்தது."