பத்துக்குப் பத்து

"எல்லாத்துக்கும் பத்து போட்டுடலாம்டீ," என்று அம்மா பேனாவைப் பிடுங்கிக்கொண்டாள். மகளுக்குத் தாடை அறுவை சிகிச்சை முடிந்து ஒரு வருடம். இன்று கடைசிப் பரிசோதனை. கிளம்புமுன் நோயாளியின் திருப்தியைக் கேட்டு ஒரு படிவம் கொடுத்திருந்தார்கள். படிவம் என்றாலே அம்மாவுக்குக் கை துறுதுறுக்கும்.

தோற்றத்துக்குப் பத்து. பேச்சுக்குப் பத்து. கீழுதட்டின் உணர்ச்சிக்கும் பத்து போட்டபோதுதான் மகளுக்குச் சுருக்கென்றது. அந்த உதடு இன்னும் மரத்துத்தான் கிடந்தது. எது வழிந்தாலும் தெரியாது. அதற்கென்றே வீட்டில் ஒரு சைகை உண்டு: எதிரே இருப்பவர் தன் தாடையைத் தொட்டுக் காட்டினால் அவள் சத்தமில்லாமல் துடைத்துக்கொள்வாள். பெரும்பாலும் அப்பாதான் காட்டுவார்.

"மரத்துப்போய்தானம்மா இருக்கு. ரெண்டு போடு."

"அவ்வளவு பாடுபட்ட டாக்டருக்கு இதுதான் மரியாதையா? பழைய மூஞ்சிய நெனச்சுப் பாரு."

நினைக்கவே வேண்டாம். படிவத்தோடு ஆபரேஷனுக்கு முன்னும் பின்னும் எடுத்த இரண்டு படங்களைக் குத்தியிருந்தார்கள். அம்மா முதல் படத்தை நர்ஸிடம் தூக்கிக் காட்டினாள். "கண்றாவி! இத வச்சுக்கிட்டு எப்படித்தான் இருந்தாளோ!"

அப்பா எதிர் நாற்காலியில் இருந்தார். படத்திலிருந்த அதே நீண்ட தாடை. பள்ளியில் அவளை மண்வெட்டி என்றார்கள்; பஸ் டிப்போவில் அவரையும் அப்படித்தான். "நம்ம பரம்பரைச் சொத்தும்மா" என்று அவர் சிரிக்கும்போதெல்லாம் அவளுக்குப் பற்றிக்கொண்டு வரும். ஆபரேஷன் வேண்டும் என்று அழுது அடம்பிடித்தது அவள்தான். அம்மாவை மட்டும் நொந்து என்ன பயன்?

"அந்தப் படம் உங்களுக்குத் தேவையாம்மா?" என்று அப்பா நர்ஸிடம் கேட்டார். "இல்லேன்னா நான் வச்சுக்கறேன்."

"கம்ப்யூட்டர்ல இருக்கு சார். எடுத்துக்குங்க."

அவர் அதைப் பிரித்தெடுத்துச் சட்டைப் பையில் வைத்தார். மெஷினிலிருந்து டீ பிடித்து வந்து மகளிடம் நீட்டிவிட்டு மறுபடி எதிரே உட்கார்ந்தார். அம்மா கடைசிக் கேள்வியைச் சத்தமாகப் படித்தாள்: இந்தச் சிகிச்சையை யாருக்காவது பரிந்துரைப்பீர்களா?

"யாருக்கா? இதோ, உங்கப்பாவுக்கே பண்ணலாம். ஆனா இந்த வயசுல இனி யாரு இவர பாக்கப் போறாங்க!"

நர்ஸ் சிரித்தாள். வாயில் டீயோடு மகளும் சிரித்துவிட்டாள். அடக்கியிருக்கலாம், சிரித்தாகிவிட்டது.

அப்பா அவளைப் பார்த்தபடியே தன் தாடையைத் தொட்டுக் காட்டினார்.

அவள் அவசரமாகத் துடைத்துக்கொண்டாள். அப்பா கையை எடுக்கவில்லை. விரல்களை விரித்துத் தாடை முழுவதையும் மூடிக்கொண்டார்.