லொட்ஜில் நின்றவர்கள்

எங்கள் துணுக்காய்ப் பக்கத்தில் லொட்ஜ் என்ற சொல்லைப் பெண்பிள்ளைகளுக்கு முன்னால் யாரும் சத்தமாகச் சொல்வதில்லை. லொட்ஜில் நின்றவள் என்று ஒருத்தியைப் பற்றிக் கதை கிளம்பினால் அது அவளுடைய பிள்ளைகளின் கலியாணப் பேச்சு வரைக்கும் கூடவே வரும். அப்படிப்பட்ட ஒரு லொட்ஜின் வாசலில், வவுனியா பஸ் நிலையத்துக்கு எதிரே, பட்டப்பகல் ஒரு மணிக்கு, எட்டுப் பிள்ளைகளோடு நான் நனைந்துகொண்டு நின்றேன்.

நான் சுமித்திரா, விளையாட்டு ரீச்சர். நாற்பத்தொரு வயது, கலியாணம் கட்டவில்லை, வாய் கொஞ்சம் கூட. மூன்றாவதால்தான் இரண்டாவது என்று ஊரில் சொல்வார்கள். சொல்லட்டும்.

நடந்தது இதுதான். மாகாண மட்டக் கபடிப் போட்டியில் காலையில் இரண்டு ஆட்டங்களை அடித்து முடித்து இறுதிப் போட்டிக்கு வந்துவிட்டோம். அதற்குள் மழை கொட்டி மைதானம் வெள்ளக்காடாகிவிட்டது. நாளைக்குக் காலை ஏழரைக்கு வாருங்கள் என்றார்கள். எங்கள் பக்கத்து முதல் பஸ் வவுனியாவுக்கு வந்து சேரவே ஒன்பது மணி தாண்டும். வராத அணி தோற்றதாகக் கணக்கு. மூன்று வருடம் அறுவடை முடிந்த வயலில், நெல்லடிக் கட்டை காலில் குத்தக் குத்தப் பழகிய பிள்ளைகள் பஸ் பிந்தித் தோற்பதா? ஒன்பது பேரைத் தாங்கக்கூடிய சொந்தக்கார வீடும் இந்த டவுனில் எங்களில் யாருக்கும் இல்லை. நிற்பதென்றால் இந்த லொட்ஜ். இல்லையென்றால் நாலரை மணிக்கு ஊருக்குத் திரும்புகிற பஸ்.

உள்ளே போய்ப் பார்த்தேன். மூன்று மாடி, சுவரில் பெயின்ற் செதில் செதிலாகக் கழன்றிருந்தது. மின்விசிறி சுற்றியதை விடக் கத்தியது அதிகம். ஆனால் படுக்கை விரிப்பில் சவர்க்கார மணம் இருந்தது. கதவுத் தாழ்ப்பாளை நாலு தரம் போட்டு இழுத்தேன், அசையவில்லை. குளியலறைக் கதவில் ஓட்டை ஏதும் உண்டோ என்று குந்தியிருந்தும் பார்த்தேன். அழகில்லாத இடம், ஆனால் ஒழுங்கான இடம். என்னைப் பற்றியும் அப்படித்தான் சொல்வார்கள், அதனால் எனக்குப் பிடித்துப்போனது.

மனேஜர் செல்வநாயகம் அறுபது வயதுக்காரர், மரியாதையான மனுசன். ஆம்பிளை ஒருவரும் இல்லாமல் பெண்பிள்ளைகளுக்கு அறை கொடுப்பதில்லை என்று மரியாதையாகவே சொன்னார். என் வீட்டுக்காரரை ஒருதரம் வரச் சொல்லுங்கள் என்றார். அப்படி ஒருவர் இன்னும் பிறக்கவில்லை என்றேன். என் ஒன்றுவிட்ட தம்பி யோகநாதன் இதே டவுனில் ரயர்க் கடை வைத்திருக்கிறான். ஒரு போன் அடித்தால் வந்து கையெழுத்து வைத்துவிட்டுப் போவான். காலையில் இரண்டு அணிகளின் பதினாலு பிள்ளைகளை மண்ணில் விழுத்தி எழும்பியவர்களுக்கு ரயர்க் கடைக்காரன் காவலா? எனக்குப் பத்திக்கொண்டு வந்தது. பாடசாலைக் கடிதத்தையும் என் அடையாள அட்டையையும் மேசையில் வைத்தேன். பொறுப்பு என்ற இடத்தில் என் பெயரை எழுதுங்கள், இல்லாவிட்டால் ஏன் எழுதவில்லை என்று ஒரு தாளில் எழுதித் தாருங்கள் என்றேன். அவர் கொஞ்ச நேரம் பேனையை உருட்டினார். பிறகு மூன்று அறைகளின் திறப்புகளை எடுத்து வைத்தார்.

அடுத்தது தாய் தகப்பன்மார். அவர்களுடைய சம்மதம் இல்லாமல் ஒரு பிள்ளையையும் மாடிப்படி ஏற விடுவதில்லை என்று நினைத்திருந்தேன். முனவ்வறாவின் வாப்பா முத்தலிப்தான் முதலில் மறுப்பார் என்று பயந்து அவருக்கே முதலில் எடுத்தேன். அவர் சாப்பாட்டு விசயத்தை மட்டும் பார்த்துக்கொள்ளச் சொன்னார், வென்றால் உடனே அறிவிக்கச் சொன்னார், அவ்வளவுதான். மற்றவர்களும் ஒருமாதிரி ஒத்துக்கொண்டார்கள். மறுத்தது பழனியாண்டி அண்ணன். பயிற்சி நாட்களில் பிள்ளைகளுக்கு இளநி வெட்டிக்கொண்டு வந்து நிற்கிற அதே மனுசன்.

"ரீச்சர், உங்களிலை எனக்கு ஒரு சந்தேகமும் இல்லை," என்றார். "என்ரை அப்பா மலையிலை தேயிலைத் தோட்டத்திலையிருந்து கலவரத்திலை அடிபட்டு இஞ்சை வந்தவர். நாப்பத்தைஞ்சு வருசமாச்சு, இண்டைக்கும் எங்களைத் தோட்டக்காட்டார் எண்டுதான் சொல்லுறாங்கள். எங்களைப் பற்றிக் கதைக்க ஊருக்குக் காரணமே தேவையில்லை. நீங்கள் புதுசா ஒண்டு குடுக்காதையுங்கோ. பிள்ளையை பஸ் ஏத்தி விடுங்கோ."

அவருடைய மகள் மேனுகாதான் எங்கள் அணியில் கபடி பாடி எதிர்ப்பக்கம் போகிறவள். அவள் கோட்டைத் தாண்டினால் இரண்டு பேரையாவது தொட்டுவிட்டுத்தான் திரும்புவாள். கஜேந்தினிக்குக் காலையில் கால் பிரண்டுவிட்டது. மேனுகாவும் போனால் ஆறு பேர். கபடிக்கு ஏழு பேர் வேண்டும். போனில் கேட்ட குரல் மாடிப்படி வரைக்கும் கேட்டிருக்க வேண்டும், அவள் தன் பையைக் கட்டத் தொடங்கினாள். அழவில்லை. அழுதிருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும்.

அவளைத் தனியே அனுப்ப மனம் ஒப்பவில்லை. தகப்பனுக்குத் தெரியாமல் வைத்திருப்பதும் என்னால் முடியாது. நின்றால் எல்லோரும் நிற்போம், போனால் எல்லோரும் போவோம் என்று பிள்ளைகளிடம் சொல்லித் திறப்புகளைத் திருப்பிக் கொடுத்தேன். செல்வநாயகம் எங்களுக்குத் தேத்தண்ணி வருவித்தார். அதை நான் மறக்கவில்லை.

நாலரைக்குத் துணுக்காய் பஸ் வந்தது. வந்த பஸ்தான் ஆட்களை இறக்கிவிட்டுத் திரும்பிப் போகும். இறங்கியவர்களில் கடைசியாக இறங்கியவர் ஞானேஸ்வரி அக்கா, மேனுகாவின் தாய். வயலில் நின்றபடியே புறப்பட்டிருக்கிறார் போல, காலில் சேறு காய்ந்து வெடித்திருந்தது. கையில் ஒரு சொப்பிங் பை. எங்களைப் பார்த்ததும் நெற்றியைச் சுருக்கினார்.

"ஏன் எல்லாரும் பையோடை நிக்கிறியள்?"

அண்ணன் சொன்னதையும் எல்லோருமாகத் திரும்ப முடிவெடுத்ததையும் சொன்னேன். அண்ணனுக்குத் தெரிந்துதான் வந்தீர்களோ என்றும் கேட்டேன்.

"அவர் வயலுக்கு வந்து விசயத்தைச் சொன்னவர். நானும் சொல்லிப்போட்டுத்தான் வந்தனான். கேட்டுப்போட்டு வரேல்லை," என்றார். "எந்த லொட்ஜ்?"

காட்டினேன். அவர் ரோட்டைக் கடந்து நேரே உள்ளே போனார். நாங்கள் பின்னால் ஓடினோம். தெரிந்தவர்கள் இரண்டு பேர் பஸ் ஜன்னலால் எட்டிப் பார்த்ததை நானும் கண்டேன், அவரும் கண்டிருப்பார். சேலைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு இன்னும் நிமிர்ந்து நடந்தார்.

சேலைத் தலைப்பு முடிச்சை அவிழ்த்து அடையாள அட்டையை மேசையில் வைத்தார். செல்வநாயகம் பதிவுப் புத்தகத்தைத் திறந்து, ஏற்கனவே எழுதியதுதான், பொறுப்பு சுமித்திரா ரீச்சர், அதன் கீழே உங்களுடைய பெயரைச் சேர்க்கிறேன் என்றார்.

"இல்லை. ரீச்சரின்ரை பேரை வெட்டிப்போட்டு என்ரை பேரை மேலை போடுங்கோ. நாளைக்கு ஊரிலை கதைக்கிறவை, ஞானேஸ்வரி லொட்ஜிலை நிண்டவள் எண்டு கதைக்கட்டும். பிள்ளையள் தாயோடை நிண்டதுகள். அவ்வளவுதான்."

என் பெயரை வெட்ட நான் விடவில்லை. என்ன ரோசம் என்கிறீர்களா? ரோசம்தான். இரண்டு பெயரும் இருக்கட்டும் என்றேன். கதைக்கிறவர்களுக்கு வாய் நிறைய வேலை இருக்கட்டும். ஞானேஸ்வரி அக்கா என்னைப் பார்த்து அன்றைக்கு முதல் தரமாகச் சிரித்தார். அந்தச் சிரிப்பைப் பார்த்த பிறகு நாளைய கிண்ணம் எந்தப் பக்கம் போனாலும் பரவாயில்லை என்று எனக்கு ஒரு நிமிடம் தோன்றியது. ஒரு நிமிடம்தான்.

பெயர், அட்டை இலக்கம், விலாசம் எல்லாம் எழுதியாயிற்று. வந்த காரணம் என்று கடைசியில் ஒரு சின்னக் கட்டம். வழமையாகச் சொந்த அலுவல் என்றுதான் போடுவது, அப்படியே போடவா என்று செல்வநாயகம் கேட்டார்.

ஞானேஸ்வரி அக்கா திரும்பி மாடிப்படியில் நின்ற மகளைப் பார்த்தார். மேனுகா பையைக் கீழே வைத்துவிட்டுச் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அவளுடைய தோள்கள் குலுங்கின.

"என்ரை மகள் மாகாண இறுதிப் போட்டி விளையாடுறாள், பார்க்க வந்தனான் எண்டு எழுதுங்கோ," என்றார் ஞானேஸ்வரி அக்கா. "சுருக்காதையுங்கோ. முழுசா எழுதுங்கோ."

செல்வநாயகம் முழுசாகவே எழுதினார். எழுதி முடிய, வாசித்தும் காட்டினார்.